மனதுக்குக் காவல்: யூத மரபு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூத நூல்களைப் பற்றித் தமிழில் பேசவும் எழுதவும் தொடங்கியதிலிருந்து, வேறு எதையும்விட இந்த ஒரு விஷயத்தில்தான் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பைபிள் வாசித்து வளர்ந்தவர்கள் ஒரு பக்கம் கேட்கிறார்கள். பிள்ளைகள் கையில் இருக்கும் போனைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோர் இன்னொரு பக்கம். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகின்றன, அதனால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

மனதைக் காக்கணும்னு யூத மதத்தில் எங்கே சொல்லியிருக்கு? கட்டளை எல்லாம் செயலைப் பற்றித்தானே?

பெரும்பாலும் செயலைப் பற்றித்தான். ஆனால் பத்தாவது கட்டளையைப் பாருங்கள். பிறனுடைய வீட்டையும் மனைவியையும் மாட்டையும் இச்சிக்காதே என்கிறது. அது கைக்கு இட்ட கட்டளை இல்லை, மனதுக்கு இட்டது. ஸ்பெயினில் பிறந்த 12ஆம் நூற்றாண்டு பைபிள் உரையாசிரியர் ஆபிரகாம் இப்னு எஸ்ரா, இந்த இடத்தில் பலருக்கும் குழப்பம் என்று வெளிப்படையாக எழுதுகிறார். கண்ணுக்கு அழகானதைப் பார்த்தால் மனம் ஆசைப்படாமல் எப்படி இருக்கும்? அவர் சொல்லும் பதில் இது: புத்தியுள்ள பட்டிக்காட்டான் ராஜகுமாரியைப் பார்த்து ஏங்க மாட்டான், அது நடக்காத காரியம் என்று அவனுக்குத் தெரியும், பறக்க இறக்கை இல்லையே என்று யாரும் ஏங்குவதில்லை. அதாவது, எதை ‘எனக்குக் கிடைக்கக்கூடியது’ என்று மனம் எண்ணுகிறதோ அதைத்தான் ஆசைப்படுகிறது. அந்த எண்ணத்தை முன்கூட்டியே பழக்க முடியும் என்பது அவர் கருத்து.

தினசரி வழிபாட்டிலும் இது இருக்கிறது. காலையிலும் மாலையிலும் சொல்லும் ‘ஷ்மா’வின் மூன்றாம் பகுதி எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்திலிருந்து வருவது, இருதயத்தின் பின்னாலும் கண்களின் பின்னாலும் அலைந்து போகாதே என்று சொல்கிறது. “எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள்” என்ற நீதிமொழிகள் 4:23 பலருக்கும் மனப்பாடமாகவே தெரிந்திருக்கும்.

கெட்ட எண்ணம் வந்தாலே பாவமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது, பெரும்பாலும் தயங்கித் தயங்கி. வந்ததற்காக யாரும் குற்றவாளி ஆவதில்லை. மனிதன் எந்த நாளிலும் தப்ப முடியாத மூன்று விஷயங்களைத் தால்முத், அதாவது பழைய யூத ஞானிகளின் விவாதத் தொகுப்பு, பட்டியலிடுகிறது (பாவா பத்ரா 164ஆ). அதில் முதலாவது பாவத்தைப் பற்றிய எண்ணம். எந்த நாளிலும் என்று சொல்லிவிட்டது, அப்புறம் யாருக்கு விதிவிலக்கு? இன்னொரு இடத்தில் (கிதூஷின் 40அ), நல்ல எண்ணத்தைக் கடவுள் செயலோடு சேர்த்துக் கணக்கில் வைக்கிறார், கெட்ட எண்ணத்தை அப்படிச் சேர்ப்பதில்லை என்று இருக்கிறது. சிலை வழிபாட்டை மட்டும் அதற்கு விலக்காக வைக்கிறார்கள்.

ஆனால் அதே தால்முத்தில், பாவத்தைவிடப் பாவ நினைவு கடுமையானது என்றும் ஒரு வரி உண்டு (யோமா 29அ). இரண்டும் எப்படிப் பொருந்தும்? யூதச் சட்ட அறிஞரும் தத்துவவாதியுமான மைமோனிதிஸ் (1138–1204) தரும் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. செயலில் தவறுவது நம் உடம்பின் பக்கம். சிந்தனைதான் மனிதனிடம் உள்ள மேலான பகுதி. அந்த மேலான பகுதியை வேண்டுமென்றே அழுக்கில் உட்கார வைப்பதுதான் கடுமை என்கிறார். ஆக, தானாக வந்த எண்ணம் வேறு, நாற்காலி போட்டு உட்கார வைத்த எண்ணம் வேறு. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள், கீழே நிறைய இடத்தில் தேவைப்படும்.

யேட்செர் ஹாரா என்கிறார்களே, அது சாத்தானா?

யேட்செர் ஹாரா என்றால் மனிதனுக்குள் இருக்கும் தீய நாட்டம். சில இடங்களில் அதைச் சாத்தானோடு சேர்த்தும் பேசுவார்கள், ஆனால் வெளியிலிருந்து படையெடுத்து வரும் எதிரியாக அதை நினைத்தால் பாதி விஷயம் தவறிப்போகும். ஆதியாகமத்துக்கான பழைய விளக்கநூல் ஒன்று சொல்கிறது: இந்த நாட்டம் இல்லாவிட்டால் ஒருவனும் வீடு கட்ட மாட்டான், கல்யாணம் செய்ய மாட்டான், பிள்ளை பெற மாட்டான், வியாபாரம் பண்ண மாட்டான். கடவுள் படைப்பைப் பார்த்து “மிகவும் நன்று” என்றபோது இதையும் சேர்த்துத்தான் சொன்னார் என்கிறது.

தால்முத்தில் ஒரு கதை உண்டு (யோமா 69ஆ). ஞானிகள் காம நாட்டத்தைப் பிடித்து மூன்று நாள் அடைத்து வைத்தார்கள். அப்புறம் ஒரு நோயாளிக்கு அன்றைக்கு இட்ட முட்டை தேவைப்பட்டது. இஸ்ரவேல் தேசம் முழுக்கத் தேடினார்கள். ஒரு முட்டைகூடக் கிடைக்கவில்லை, கோழிகளும் நின்றுவிட்டன! கடைசியில் அதன் கண்ணைக் குருடாக்கி அவிழ்த்து விட்டார்கள். ஆசையை வேரோடு பிடுங்கச் சொல்லும் துறவு வழிக்கும் யூத வழிக்கும் உள்ள தூரத்தை இந்த முட்டைக் கதையைவிட நன்றாக எந்தத் தத்துவ நூலும் எனக்குக் காட்டியதில்லை.

“நினைக்காதே” என்றால்தான் அதிகமாக நினைப்பு வருகிறது. இதுக்கு என்ன வழி சொல்கிறார்கள்?

துரத்தாதே, இடத்தை நிரப்பு என்பதே வழி. “தீய நாட்டத்தைப் படைத்தேன், அதற்கு மருந்தாகத் தோராவையும் படைத்தேன்” என்று கடவுள் சொல்வதாக ஒரு தால்முத் வாக்கு (கிதூஷின் 30ஆ). தோரா என்றால் மோசேயின் ஐந்து நூல்களும் அவற்றை ஒட்டிய படிப்பும். அந்த அசிங்கம் பிடித்தவன் எதிரே வந்தால் அவனைப் படிப்புக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போ, கல்லாக இருந்தால் கரைவான், இரும்பாக இருந்தால் நொறுங்குவான் என்றும் அங்கேயே வருகிறது. மைமோனிதிஸ் தன் சட்டத் தொகுப்பில் இதையே நேராக எழுதுகிறார்: காம எண்ணம் வலுப்பது அறிவு காலியாக இருக்கும் நெஞ்சில்தான்.

இதைவிட நுணுக்கமாகப் பேசியவர் ரப்பி (யூத மத ஆசான்) ஷ்னேயூர் சல்மான். 1796இல் அச்சான அவருடைய தான்யா என்ற நூல், துறவிகளுக்கோ மகான்களுக்கோ எழுதியதில்லை, நடுத்தர மனிதனுக்கு எழுதியது. வேலைக்கு நடுவே கெட்ட எண்ணம் தலைகாட்டினால் வருத்தப்படாதே, சந்தோஷப்படு என்கிறார். ஏன்? அதை விலக்கி வேறு பக்கம் திரும்பும் அந்தக் கணத்தில், மேலே சொன்ன “பின்னால் அலைந்து போகாதே” என்ற கட்டளையை நீ நிறைவேற்றுகிறாய். எண்ணம் வராதவனுக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஜெபத்தின் நடுவே வந்தால் அதோடு வாதாடாதே என்றும் சொல்கிறார். அழுக்குப் பிடித்தவனோடு மல்லுக்கட்டினால் உன் மேலும் அழுக்கு ஒட்டும். பதில் சொல்லாமல் ஜெபத்தைத் தொடர்.

கண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அந்த நூல் குஞ்சம் எதுக்கு?

இருதயமும் கண்ணும் உடம்பின் ஒற்றர்கள் என்கிறார் பைபிள் உரையாசிரியர் ராஷி (1040–1105). கண் பார்க்கிறது, இருதயம் ஆசைப்படுகிறது, உடம்பு செய்து முடிக்கிறது. அந்தச் சங்கிலியில் கையால் பிடித்து நிறுத்தக்கூடிய கண்ணி முதலாவதுதான். குஞ்சம், அதாவது சிட்சித், அதற்காக ஆடையின் நான்கு மூலையிலும் கட்டப்படுவது. காலை ஜெபத்தில் நான்கு குஞ்சங்களையும் சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஷ்மாவின் அந்த மூன்றாம் பகுதி வரும்போது கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து முத்தமிடுவார்கள். பார்க்காதே என்று சொல்லும் கட்டளையே, இதைப் பார் என்று ஒன்றைக் கொடுத்தும் விடுகிறது.

தால்முத் கதை ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை (மெனஹோத் 44அ). இந்தக் கட்டளையில் கவனமாக இருந்த ஒருவன், கடலோர நகரத்தில் 400 பொற்காசு கேட்கும் ஒரு தாசியைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பணம் அனுப்பி நாள் குறித்துப் போகிறான். ஏழு படுக்கை அடுக்கியிருக்கிறாள், ஆறு வெள்ளி, மேலே ஒன்று தங்கம். அவன் ஏறும்போது நான்கு குஞ்சமும் எழும்பி அவன் முகத்தில் அறைகின்றன. வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிடுகிறான். அவளும் இறங்கித் தரையில் உட்கார்ந்து, “என்னிடம் என்ன குறை கண்டாய்?” என்று கேட்கிறாள். குறையே இல்லை, உன்னைப் போல் அழகியைப் பார்த்ததில்லை, ஆனால் இவை நான்கும் எனக்குச் சாட்சி மாதிரித் தெரிந்தன என்கிறான். அவள் அவனுடைய குருவின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ரப்பி ஹியாவின் படிப்புக்கூடத்துக்கு வந்து மதம் மாறுகிறாள். அவனையே மணக்கிறாள். எனக்கு இதில் பிடித்தது, அவன் அவளைப் பற்றி ஒரு இழிசொல்கூடச் சொல்லவில்லை என்பதுதான்.

காது வழியாக வருவதை என்ன செய்வது? நான் பேசவில்லை, சும்மா கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்?

‘சும்மா’ கேட்பது என்று ஒன்று இந்த மரபில் கிடையாது. புறணி மூன்று பேரைக் கொல்லும்: சொன்னவனை, கேட்டவனை, யாரைப் பற்றிப் பேச்சோ அவனை (அராஹின் 15ஆ). கேட்டு ஏற்றுக்கொண்டவனுக்குத்தான் சொன்னவனைவிடக் கேடு அதிகம் என்கிறார் மைமோனிதிஸ். விரல்கள் ஏன் ஆப்பு மாதிரி நுனி ஒடுங்கியிருக்கின்றன? தகாத பேச்சு வந்தால் காதில் சொருகிக்கொள்ள. காது முழுக்கக் கெட்டியாக இருக்க மடல் மட்டும் ஏன் மெத்தென்று இருக்கிறது? மடித்து அடைத்துக்கொள்ள (கெதுபோத் 5ஆ).

இதைச் சட்டமாக வகுத்தவர் ரப்பி யிஸ்ரவேல் மேயிர் ககான் (1838–1933). ராதின் என்ற சிற்றூரில் மனைவி கவனித்த மளிகைக் கடையின் வருமானத்தில் வாழ்ந்தவர். புறணியைப் பற்றி 1873இல் அவர் வெளியிட்ட ஹஃபெட்ஸ் ஹயீம் என்ற நூலின் பெயரே பிறகு அவர் பெயராகிவிட்டது.

யாரைப் பற்றியும் கெட்டதைக் கேட்கக்கூடாது என்றால் ஏமாந்து போக மாட்டோமா?

நல்ல கேள்வி. இதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு நோன்பே இருக்கிறது. எருசலேம் அழிந்த பிறகு யூதேயாவில் மிஞ்சிய மக்களுக்குப் பாபிலோனியர் கெதலியாவை அதிகாரியாக வைத்தார்கள். “இஸ்மவேல் உன்னைக் கொல்ல வருகிறான்” என்று யோகனான் வந்து எச்சரித்தான். கெதலியா, அவனைப் பற்றிப் பொய் சொல்கிறாய் என்று தள்ளிவிட்டான். இஸ்மவேல் வந்தான், மிஸ்பாவில் கெதலியாவையும் கூட இருந்தவர்களையும் வெட்டினான், பிறகு வந்த யாத்திரிகர்களையும் கொன்று பள்ளத்தில் போட்டான் (எரேமியா 40, 41). யூதப் புத்தாண்டு முடிந்ததும் வரும் நோன்பு அந்த நினைவுக்குத்தான்.

அந்தப் பிணங்களுக்குக் கெதலியாவும் பொறுப்பு என்கிறது தால்முத் (நித்தா 61அ). அதிலிருந்து விதி எடுக்கிறார்கள்: புறணியை நம்பக்கூடாது, ஆனால் அதை மனதில் வைத்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெண் கொடுக்கும்போது, கூட்டுவியாபாரம் தொடங்கும்போது விசாரிப்பதும் இதில் அடங்கும். தீர்ப்பு எழுதிவிடாமல் கதவைப் பூட்டிக்கொள்வது கஷ்டம்தான், ஆனால் பழகலாம்.

கெட்ட சகவாசம் வேண்டாம் என்றால் ஊரை விட்டே ஓட வேண்டியதுதானா?

சொன்னால் நம்ப மாட்டீர்கள், மைமோனிதிஸ் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறார். மனிதனின் குணம் நண்பர்களையும் ஊர்க்காரர்களையும் பார்த்தே உருவாகிறது. ஊர் கெட்டிருந்தால் வேறு ஊருக்குப் போ, எல்லா ஊரும் கெட்டிருந்தால் தனியாக இரு, அதற்கும் விடாவிட்டால் குகைக்கும் பாலைவனத்துக்கும் போ என்கிறார். ஆனால் அது கடைசிப் படி. பொதுவான விதி பழைய ஞானி ஹில்லேல் சொன்னது: சமூகத்தை விட்டுப் பிரியாதே.

நல்ல ஊரை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ரப்பி எலெயாசார் பென் அராஹின் கதையைச் சொல்வார்கள் (ஷபாத் 147ஆ). பெரிய மேதை. நல்ல தண்ணீரும் திராட்சை ரசமும் உள்ள ஊருக்குப் போனார், அங்கேயே சொக்கிப்போனார். திரும்பி வந்து தோரா வாசிக்க எழுந்தபோது, “இந்த மாதம் உங்களுக்கு” என்ற வரியை, உருவம் ஒத்த எழுத்துகளை மாற்றிப் படித்து, “அவர்கள் இருதயம் செவிடாயிற்றோ” என்று வாசித்தார். அந்த ஊரில் யாரும் அவருக்குத் தீமை சொல்லித்தரவில்லை. சொகுசு மட்டும்தான் இருந்தது, கூடப் படிக்க ஆள் இல்லை. பிறகு சக ஞானிகள் அவருக்காக மன்றாடினார்கள், படிப்பு திரும்பி வந்தது.

மற்ற மதத்து நூல்கள், தத்துவம், நாவல் இதெல்லாம் படிக்கலாமா கூடாதா? ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார்.

வேறு வேறு சொல்கிறார்கள் என்பது உண்மைதான். ‘வெளி நூல்களை’ வாசிப்பவனுக்கு மறுமையில் பங்கில்லை என்று, தால்முத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற பழைய தொகுப்பில் ரப்பி அகிவா சொல்கிறார். எந்த நூல்கள், எந்த வகை வாசிப்பு என்று அப்போதே விவாதம். முழுத் தோராவையும் கற்றுவிட்டேன், இனி கிரேக்க ஞானம் படிக்கலாமா என்று கேட்ட தன் சகோதரி மகனிடம், இரவும் பகலும் தோராவைத் தியானி என்று எழுதியிருக்கிறதே, இரவும் இல்லாத பகலும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி என்றார் ரப்பி இஸ்மவேல். 1305இல் பார்சிலோனாவில் ரப்பி சாலமோன் பென் அத்ரேத், 25 வயதுக்கு முன் கிரேக்கத் தத்துவம் படிக்கத் தடை போட்டார். மருத்துவத்துக்கு விலக்கு. தடைக்கு 50 ஆண்டு கெடு. தெற்கு பிரான்சின் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்.

மறுபக்கம், ரப்பி மேயிர். அவருடைய ஆசான் எலிஷா பென் அபூயா நம்பிக்கையை விட்டுப்போனவர். ஆனாலும் ரப்பி மேயிர் அவரிடமே கற்றார். தால்முத் சொல்லும் நியாயம்: மாதுளை கிடைத்தது, உள்ளே இருந்ததைத் தின்றார், தோலை எறிந்தார். மைமோனிதிஸும் அப்படித்தான். சிலை வழிபாட்டு நூல்களைப் படிக்காதே, எல்லார் புத்தியும் அதைத் தாங்காது என்று சட்டம் எழுதியவர், அரபு மொழியில் கிடைத்த அந்த வகை நூல்களை எல்லாம் தான் படித்துவிட்டதாக ஒரு கடிதத்தில் எழுதுகிறார். யார் சொன்னாலும் உண்மையை ஏற்றுக்கொள் என்று சொன்னவரும் அவரே. முரண்பாடு மாதிரித் தெரியும். பின்பற்றுவதற்காகப் படிப்பது கூடாது, புரிந்துகொள்ளவும் கற்பிக்கவும் படிக்கலாம் என்ற தால்முத் பிரிவினையை வைத்துப் பார்த்தால் ஓரளவு பொருந்துகிறது.

இதெல்லாம் கடைசியில் கேள்வி கேட்பவனை அடக்கத்தானே?

அப்படிப் பயன்பட்ட நேரமும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் பின்னாளில் தத்துவவாதியாகப் புகழ்பெற்ற 23 வயது ஸ்பினோசாவை விலக்கி வைத்தது. அவரோடு பேசக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது என்றது. காவல் என்ற பெயரில் ஒரு மனிதனை ஊரிலிருந்து வெட்டி எறிவதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் தால்முத்தைத் திறந்து பார்த்தவருக்கு, கேள்விக்குப் பயப்படும் மரபு இது என்று தோன்றவே தோன்றாது. தோற்றுப்போன கருத்தும் பெயர் சொல்லி அதில் பதிவாகியிருக்கிறது. நம்பிக்கை மறுப்பவனுக்கு என்ன பதில் சொல்வது என்று அறிந்துகொள் என்கிறது மிஷ்னா. அறியாமல் பதில் சொல்ல முடியாதே.

போன், இன்டர்நெட் விஷயத்தில் இப்போது என்ன செய்கிறார்கள்?

2012 மே 20 அன்று நியூயார்க்கின் சிட்டி ஃபீல்டு மைதானத்தில் 40,000க்கும் மேற்பட்ட தீவிர மரபுவாத யூத ஆண்கள் கூடி, இன்டர்நெட்டின் ஆபத்தைப் பற்றியே பேசினார்கள். இஸ்ரேலில் ‘கோஷர் போன்’ (கோஷர் என்றால் மத விதிக்கு உட்பட்டது) இருக்கிறது: பேச மட்டும், உலாவி இல்லை, எண்ணைப் பார்த்தாலே அது கோஷர் என்று தெரிந்துவிடும். வேலைக்கு இன்டர்நெட் தேவைப்படுபவர்கள் வடிகட்டி போட்டுக்கொள்கிறார்கள். இதெல்லாம் எல்லா யூதர்களுக்கும் பொது இல்லை. மரபைப் பேணும் பலர் சாதாரண ஸ்மார்ட்போன்தான் வைத்திருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இவற்றைவிட வலுவான ஏற்பாடு மிகப் பழையது: ஓய்வுநாள். வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன்னிருந்து சனி இருட்டும் வரை, சுமார் 25 மணி நேரம் போன் தொடுவதில்லை. அந்த நேரம் காலியாகவும் கிடப்பதில்லை. சாப்பாடு, பாட்டு, படிப்பு, விருந்தாளி. நிரப்புவது பற்றி மேலே சொன்னேனே, வாராவாரம் அது நடக்கிறது.

கண்ணைக் காக்கிறேன் என்று பெண்களைத்தானே மறைக்கிறார்கள்?

சில வட்டாரங்களில் அப்படித்தான் நடக்கிறது. 2011இல் ப்ரூக்ளினில் வரும் யித்திஷ் என்ற ஐரோப்பிய யூத மொழியின் வார இதழ் ஒன்று, பின் லாடன் மீதான நடவடிக்கையை வெள்ளை மாளிகையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் படத்திலிருந்து ஹிலாரி கிளின்டனை அழித்துவிட்டு அச்சிட்டது. பிறகு வருத்தம் தெரிவித்தது. பெண்களின் படமே போடாத பத்திரிகைகள் இன்றும் உண்டு, மரபுவாத யூதப் பெண்களே அதை எதிர்த்துப் பேசுகிறார்கள்.

எண்ணாகமத்தின் கட்டளை “உங்கள் இருதயம், உங்கள் கண்கள்” என்று பார்ப்பவனிடம் பேசுகிறது. குஞ்சம் கட்டுவது அவன் ஆடையில். படுக்கைக் கதையிலும் அறை வாங்கியது அவன் முகம்தான். பொறுப்பைப் பார்க்கப்படுபவள் தலையில் வைப்பதற்கு இந்த வசனத்தில் இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

எனக்கு அருவருப்பான எண்ணங்கள் நாள் முழுக்க நிற்காமல் வருகின்றன. தோராவோ ஜெபமோ உதவவில்லை. நான் கெட்டவனா?

இல்லை. தானாக வருவதற்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதை இரண்டாம் கேள்வியில் பார்த்தோம். விருப்பத்துக்கு எதிராக வந்து வந்து வதைக்கும் எண்ணம் ஒரு மருத்துவப் பிரச்சினையாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவரைப் பாருங்கள். வைத்தியம் பார்ப்பதை இந்த மரபு நம்பிக்கைக் குறைவாக நினைப்பதில்லை, கடமையாகவே நினைக்கிறது. மைமோனிதிஸே மருத்துவர். இன்னொன்று, எண்ணங்களோடு வாதாடாதீர்கள் என்ற தான்யாவின் அறிவுரை உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும்.

மனிதனின் இருதயத்தில் உள்ள கவலையைப் பற்றிய நீதிமொழிகள் 12:25க்கு ரப்பி அமியும் ரப்பி அசியும் இரண்டு பொருள் சொன்னார்கள். கவலையை மனதிலிருந்து தள்ளு என்றார் ஒருவர். அடுத்தவரிடம் சொல் என்றார் மற்றவர். முதலாவது முடியாதபோது இரண்டாவதைச் செய்யுங்கள்.

நான் யூதன் இல்லை. இதில் எதையாவது எடுத்துச் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. குஞ்சமும் ஷ்மாவும் அவர்களுக்கான கட்டளைகள், அவற்றை விட்டுவிடுங்கள். 1808இல் மெனஹெம் மெண்டல் லெஃபின் எழுதிய ஆத்மக் கணக்கு முறை யாருக்கும் பொருந்தும். அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளினின் முறையிலிருந்து அவர் அதை எடுத்தார். வெளி நூல் பற்றிய அத்தனை சண்டைக்குப் பிறகும், ரப்பி இஸ்ரவேல் சலான்டரின் மூசார் (ஒழுக்கப் பயிற்சி) இயக்கம் அதைத் தனதாக்கிக்கொண்டது.

13 குணங்கள். வாரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, அன்றன்று எங்கே தவறினோம் என்று இரவில் ஒரு கட்டத்தாளில் புள்ளி வைக்க வேண்டும். அந்த வாரம் மற்ற 12 குணத்துக்காக அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. பட்டியலில் முதலாவது மன அமைதி: அற்ப விஷயம் எதுவும், நல்லதோ கெட்டதோ, உன் அமைதியைக் குலைக்க விடாதே. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.